துடைப்பக் கட்டைக்குப் பட்டுக் குஞ்சமா?

"துடைப்பக் கட்டைக்குப் பட்டுக் குஞ்சமா?" என்று கேட்கிறது பழமொழி. கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. சிரித்தபின் சற்றே சிந்தித்தால், சிரிப்பு அடங்கிவிடுகிறது. தகுதியில்லாத பொருளுக்குத் தகாத அணி எதற்கு என்பதல்லவா அதன் கருத்து? தகுதியில்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், வீட்டிலுள்ள எத்தனையோ பொருள்களிலே துடைப்பந்தானா அகப்பட வேண்டும்? நாள் தவறாமல் உழைக்கும் பொருள் அது. அது ஒரு வாரம் ஓய்ந்தால், வீடு வீடாக இராது. ஆயினும் அதற்கென்று நாம் ஒதுக்கிய இடம் கதவுக்குப் பின்னால். அதன் பெயரோ, சண்டை வரும்போது வசைச் சொல்!

'விளக்குமாறு' என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. விளக்குவது, துலங்கச் செய்வது என்று எவ்வளவு அழகான பொருள்! பெயர் வைத்தவன் பண்பாளன். இடம் ஒதுக்கியவன் வேறொருவனாகத்தான் இருக்க வேண்டும்.

பொருளை மட்டுமா ஒதுக்கினோம்? அதை ஏந்திய கரத்தையும் அல்லவா ஒதுக்கினோம்! வீட்டுக்குள்ளே அது பெண்ணின் கரம். வீதியிலே அது, பிறப்பின் பேரால் தாழ்த்தப்பட்டவரின் கரம். குப்பை போடுகிறவர் தூயவர், குப்பை அகற்றுகிறவர் தூய்மையற்றவர் என்று தலைகீழாகக் கணக்கெழுதி, அந்தக் கணக்கைச் சரியென்று பல நூற்றாண்டுகள் நம்பிக் கிடந்த சமுதாயம் நம்முடையது.

இன்று, சிறு வீடொன்றில் வாழும் குடும்பம், வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கலாமா என்று எண்ணுகிறது. தூசியை உறிஞ்சும் இயந்திரம். எனவே தூசுறிஞ்சி என்போம். எண்ணியவுடனே எங்கிருந்தோ அந்தப் பழைய ஏளனம் எட்டிப் பார்க்கிறது: "பெருக்குகிற வேலைக்கு இத்தனை ஆயிரமா? இருபது முப்பது ஆண்டுகளுக்குத் துடைப்பம் வாங்கலாமே!" இந்தக் கேள்விக்கு விடை, அந்த இயந்திரத்தின் வரலாற்றிலே இருக்கிறது. எந்த இயந்திரத்தை வாங்குவது, எதை விடுவது என்ற அடுத்த கேள்விக்கும் அதே வரலாறுதான் வழிகாட்டி.

*

நெய்வேலியிலிருந்து தொடங்குவோம்.

1930களின் நடுவிலே, தென்னார்க்காட்டு மண்ணில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தமது நிலத்திலே நீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கியபோது, நீரோடு சேர்ந்து கரும்பழுப்பு நிறப் பொருளொன்று மேலே வந்தது. மண்ணுக்கடியிலே உறங்கிக் கிடந்த பழுப்பு நிலக்கரி அது. 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது. 1962-ல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல் மின்நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்திலே புதிய நிலையம் வந்துவிட்டது. கழகத்தின் பெயரும் 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. அந்த நிலத்திலே குடியிருந்து, வயலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த சிற்றூர் மக்களின் துயரம் தனியே எழுதப்பட வேண்டிய கதை.

சுரங்கத்தின் விளிம்பிலே நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பதில்லை. வாளிகள் பொருத்திய மாபெரும் சக்கரம் சுழல்கிறது. சுழன்று சுழன்று மண்ணை வாரி வாரி வழங்குகிறது. வாரிய மண்ணைப் பட்டைகள் சுமந்துகொண்டு ஓடுகின்றன. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் மலையை அகற்ற, மனிதன் குனிய வேண்டியதில்லை. கூடை சுமக்க வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியிலே அழுத்தத்தோடு காத்திருக்கிற நீரை இறைத்துக் கொண்டேயிருக்கின்றன மின் பம்புகள்; இறைக்காவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். மலையைப் பெயர்க்கவும் இயந்திரம்! பாதாள வெள்ளத்தை அடக்கவும் இயந்திரம்!

அங்கிருந்து திரும்பி, மரங்கள் நிழல் பரப்பும் நகரியத்துக்குள் வாருங்கள். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகள். ஒரு கூடம், ஓர் அறை அல்லது இரண்டு, ஒரு சமையற்கட்டு. அந்தச் சிறு வீட்டிலே, காலையிலே, ஒரு பெண் இடுப்பை வளைத்துக் குனிந்து, கையிலே குட்டைத் துடைப்பத்தோடு, கட்டிலுக்கடியிலே தலையை நுழைத்துப் பெருக்கிக் கொண்டிருக்கிறாள். செம்மண் காற்று கொண்டுவந்த தூசி எழும்புகிறது. எழும்பிய தூசி அவள் மூக்கிலே நுழைகிறது. மீதி, அவள் நகர்ந்தவுடன் மீண்டும் தரையிலே இறங்குகிறது. சுரங்கத்திலே மலையைப் பெயர்க்க மின்சாரம் உண்டு. அந்த மின்சாரம் பிறக்கும் ஊரிலே, ஒரு சிட்டிகைத் தூசியை அகற்ற இன்னமும் ஒரு முதுகு வளைய வேண்டும்! இது விந்தை அல்லவா? வேதனை அல்லவா?

நெய்வேலி, வீட்டுப் பெண்ணை அடியோடு மறந்த ஊர் என்று சொல்லிவிட முடியாது. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கி, 'லெகோ' என்ற பெயரிலே அடுப்புக்கு அனுப்பிய ஊர் அது. விறகுப் புகையிலே கண் எரிந்த பெண்களுக்கு, புகை குறைந்த அந்தக் கரி ஒரு காலத்திலே ஆறுதல் அளித்தது. கண்ணைக் கவனித்த ஊர், முதுகையும் மூச்சையும் கவனிக்கலாகாதா?

*

இனி இயந்திரத்தின் கதை.

1901-ல் இலண்டன் நகரத்து அரங்கொன்றிலே, தூசி போக்கும் கருவியென்று ஒன்றைக் காட்டினர். அது காற்றை ஊதிற்று, தூசி பறந்தது, பறந்த தூசி மறுபடி படிந்தது. பார்த்துக் கொண்டிருந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், "ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?" என்று கேட்டார். முடியாது என்றனர். பூத், உணவு விடுதி ஒன்றிலே, நாற்காலியின் மெத்தை மீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சினார். மூச்சுத் திணறியது, ஆனால் கைக்குட்டையின் மறுபக்கத்திலே அழுக்கு ஒட்டிக் கொண்டிருந்தது. ஒரு துணி, ஓர் உறிஞ்சல்: தூசுறிஞ்சியின் தத்துவம் முழுவதும் அவ்வளவுதான்.

பூத் செய்த இயந்திரம் குதிரை பூட்டிய வண்டியிலே வந்தது. பெட்ரோல் இயந்திரம் தெருவிலே இரைந்து நிற்க, நீண்ட குழாய்கள் சாளரத்தின் வழியே மாளிகைக்குள் நுழைந்தன. 1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக் கம்பளங்களை அது துப்புரவு செய்தது. அரண்மனைக்கு ஏற்ற இயந்திரம். அரண்மனை அளவுக்குப் பெரிய இயந்திரம். இரண்டு அறை வீட்டுக்காரி அதைத் தெருவிலே நின்று வேடிக்கை பார்க்கலாம், வேறென்ன செய்வாள்?

சிறு வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தவர் பொறியாளர் அல்லர், பிரபு அல்லர், துப்புரவுப் பணியாளர்! அமெரிக்காவிலே, ஓகையோ மாநிலத்துக் காண்டன் நகரில், கடையொன்றிலே பெருக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஆஸ்துமா நோயாளி. கம்பளத்தைப் பெருக்கும்போது எழும்பிய தூசி அவருடைய மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் வயிறு காயும். வேலை செய்தால் நெஞ்சு அடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலே நின்றுகொண்டு அவர் சிந்தித்தார். மின்விசிறியின் மோட்டார், துடைப்பத்தின் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டினார். விசிறி உறிஞ்சியது, உறை தூசியைப் பிடித்துக் கொண்டது, கம்பைப் பிடித்தவர் நிமிர்ந்து நின்றார்! 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் வணிகர் வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். ஹூவரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஸ்பாங்ளரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. உழைத்தவன் பெயர் உள்ளே, முதலிட்டவன் பெயர் மேலே! உலகத்து வாடிக்கைதானே!

ஆனால் இந்த வரலாற்றிலிருந்து நமக்கொரு அளவுகோல் கிடைக்கிறது. பெருக்குகிற ஒருவரின் மூச்சுக்காகவும் முதுகுக்காகவும் பிறந்தது இந்த இயந்திரம். ஆகவே இதன் தகுதியை அளக்க வேண்டிய இடம், கடையின் கண்ணாடி அலமாரி அன்று. விளம்பரத்தின் வண்ணத் தாள் அன்று. அதைப் பிடித்து வேலை செய்பவரின் மூச்சும் முதுகும் கையும் பணப்பையுமே. அந்த நான்கும் நலம் பெற்றால், கொடுத்த காசுக்கு ஏற்ற பொருள். பெறாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வீண்.

*

இந்தியாவிலே இந்த இயந்திரத்தை நடுத்தர வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்ததில் பெரும் பங்கு, 1982-ல் சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸோடு கூட்டாகத் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. கழுத்திலே டை, கையிலே பெட்டியோடு இளைஞர்கள் வீடு வீடாக வந்து, இயந்திரத்தை இயக்கிக் காட்டி விற்றனர். விலைக்குப் பயந்து வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிய வீடுகள் பல. வாங்கிய வீடுகளிலும், சில திங்கள் கழித்துப் பரண்மீது ஏறிய இயந்திரங்கள் உண்டு. காரணம் என்ன? கம்பளம் விரித்த மேல்நாட்டு வீட்டை மனத்திற்கொண்டு வளர்ந்த இயந்திரம், சிமெண்டும் மொசைக்கும் பதித்த நம் வீட்டுக்கு வந்தது. நம் தரைக்கு எது வேண்டும் என்று எண்ணிப் பார்த்து வாங்கியவர் குறைவு.

இன்று கடையிலே வகைகள் குவிந்திருக்கின்றன. பீப்பாய் போன்றது, உருளை போன்றது, கம்பு போன்றது, கைக்கு அடங்கியது, கம்பியில்லாமல் மின்கலத்தால் ஓடுவது, தானே தரையிலே ஊர்ந்து திரிவது. எதைத் தேர்வது? நம் அளவுகோலைக் கையிலெடுப்போம்.

முதலில் கம்பியா, கலமா? கம்பியில்லாத இயந்திரம் பார்க்க அழகு; பயன்படுத்த எளிது. ஆனால் அதன் உயிர் மின்கலத்திலே இருக்கிறது. கலம் ஆண்டுக்காண்டு தளரும். ஒருநாள் மாற்றியாக வேண்டும். மாற்றுக்கலத்தின் விலை சிறியதன்று. கம்பியோடு கூடிய இயந்திரமோ சுவரிலுள்ள மின்சாரத்தை நேரே உண்கிறது. முதல் நாள் இருந்த வலிமை பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெரிய மாளிகைக்குக் கம்பி தடை. இரண்டு அறை வீட்டுக்கு ஐந்து மீட்டர்க் கம்பியும் ஒன்றரை மீட்டர்க் குழாயும் போதும். கூடத்தின் நடுவிலுள்ள ஒரு செருகுவாயிலிருந்து வீடு முழுவதும் எட்டிவிடும். சிறு வீட்டின் சிறுமையே இங்கே ஒரு செல்வம்!

இரண்டாவது, 'வாட்' என்னும் மாயை. "ஆயிரத்து அறுநூறு வாட்! இரண்டாயிரம் வாட்!" என்று முழங்குகிறார் விற்பவர். வாட் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது செய்யும் வேலையின் அளவன்று. அதிகம் உண்பவரெல்லாம் அதிகம் உழைப்பவராகிவிட்டால், நாட்டிலே நாம் காணும் பலர் பெரும் உழைப்பாளிகள் அல்லவா! ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாயையை உணர்ந்து, 2014 செப்டம்பரில் புதிய தூசுறிஞ்சிகளுக்கு 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு விதித்தது. வீடுகள் குப்பைமேடாகிவிடவில்லை, குறைந்த மின்சாரத்திலே நன்றாக உறிஞ்சும் இயந்திரங்கள் வந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே ஒன்றியம் தூசுறிஞ்சிகளுக்குத் தரச்சீட்டு ஒட்டும் முறையைக் கொண்டு வந்தது. சோதனையை, தூசிப்பை காலியாக இருக்கும்போது நடத்தியது. தூசி சேரச் சேர உறிஞ்சும் வலிமை குறையும் இயந்திரங்களுக்கு இது சலுகையாகுமல்லவா? வழக்குத் தொடுத்தது டைசன் நிறுவனம். 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தத் தரச்சீட்டு விதியையே செல்லாததாக்கிற்று. வாங்குபவருக்குப் பாடம் இது: கடையிலே காட்டுவது வெறும் வயிற்றோடு ஓடுகிற இயந்திரம்; வீட்டிலே ஓடப்போவது வயிறு நிறைந்த இயந்திரம்.

வலிமையைப் பார்ப்பது எப்படி? இரண்டு அளவுகளைக் கேளுங்கள். ஒன்று, உறிஞ்சும் அழுத்தம். கிலோபாஸ்கல் என்று குறிப்பார்கள். மற்றொன்று, வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்பது. குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். ஆனால் காற்றோட்டம் நின்றுபோகும். அழுத்த எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பவர் பாதிக் கதையைச் சொல்கிறார் என்று பொருள். வழவழப்பான தரையிலுள்ள தூசியை இழுத்துச் செல்வது காற்றோட்டம். மெத்தைக்குள் புதைந்த தூசியை வெளியேற்றுவதற்கு அழுத்தமும் வேண்டும். நம் சிமெண்டு, மொசைக், டைல்ஸ் தரைகளுக்கு, கம்பளத்தை அடித்துத் துவைக்கும் சுழல் தூரிகைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மென்மயிர் பொருத்திய தட்டையான முகப்பு ஒன்று, மூலை முடுக்குக்குக் கூரிய முகப்பு ஒன்று, மின்விசிறிக்கும் புத்தக அலமாரிக்கும் வட்டத் தூரிகை ஒன்று இருந்தால் போதும். பன்னிரண்டு முகப்பு, பதினான்கு முகப்பு என்று பெட்டியிலே அடுக்கித் தருகிறார்களே, அதுதான் உண்மையான பட்டுக் குஞ்சம்!

மூன்றாவது, மின்சார இணைப்பு. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1200 வாட் இயந்திரம் ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண 6 ஆம்பியர் செருகுவாய்க்குள் அடங்கும். 1600 வாட் ஏறக்குறைய ஏழு ஆம்பியர் இழுக்கும்; அதற்கு 16 ஆம்பியர் செருகுவாய் வேண்டும். பழைய வீடுகளிலே அது சமையற்கட்டிலே ஒன்று, குளியலறையிலே ஒன்று என்று இருந்தால், கூடத்தைப் பெருக்க என்ன செய்வது? கம்பி நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பா? சூடேறி உருகும் ஆபத்தை விலைக்கு வாங்குவதா? வாங்குமுன் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1000 வாட் இயந்திரத்தை நாளுக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் செலவு கால் யூனிட். திங்களுக்கு ஏழரை யூனிட்.

நான்காவது, மூச்சு. ஸ்பாங்ளரின் தலையணை உறை தூசியின் பருமனான பகுதியைப் பிடித்தது. நுண்தூசி நெசவின் இடைவெளி வழியே வெளியேறிற்று. நெஞ்சுக்குள் இறங்கித் தங்குவது அந்த நுண்தூசியே. இன்றுள்ள 'ஹெப்பா' வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்க வேண்டும் என்ற வரையறை உடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, அணுகுண்டு ஆய்வுக்கூடங்களிலே கதிரியக்கத் துகளைத் தடுக்கப் பிறந்த வடிகட்டி அது. அழிவின் பட்டறையிலே பிறந்த பொருள் ஆஸ்துமாக் குழந்தைக்கு உதவுகிறது! ஆனால் 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் எச்சரிக்கை. போன்றது என்பது அதுவன்று. வடிகட்டி நன்றாயிருந்து, உடலின் மூட்டுகளிலே காற்று கசிந்தாலும் பயனில்லை. ஓடும்போது பின்புறத்துக் காற்றிலே தூசி வாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, பையா, புயலா? பை வைத்த இயந்திரத்திலே தூசி பைக்குள்ளேயே அடங்கி, பையோடு குப்பைக்குப் போகும். பையில்லாத இயந்திரத்திலே காற்று சுழிப் புயலாகச் சுழன்று, தூசியைச் சுவரிலே எறிந்து குடுவையிலே சேர்க்கும். மர அறுவை ஆலையிலே தூளைப் பிரிக்கும் சுழற்கூம்பைக் கண்டு, 5127 மாதிரிகள் செய்து பார்த்து, ஜேம்ஸ் டைசன் வீட்டு இயந்திரத்துக்குக் கொண்டு வந்த முறை இது. பை வாங்கும் செலவு மிச்சம்; ஆனால் குடுவையைக் கவிழ்க்கும்போது தூசி முகத்துக்கு எழும்பும். வீட்டிலே ஆஸ்துமா இருப்பவர் உண்டென்றால் பையே நல்லது. இல்லையென்றால் குடுவை, வெளியே கொண்டுபோய், ஈரத்தாளின் மீது மெதுவாகக் கவிழ்த்தால் போதும்.

இங்கேதான் மலிவு என்பதன் பொருளைக் கணக்கிட்டு அறிய வேண்டும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். நாலாயிரம் ரூபாய்க்கு ஓர் இயந்திரம். திங்களுக்கு ஒரு பை, பை 150 ரூபாய் என்று கொள்வோம். ஐந்தாண்டில் அறுபது பை; ஒன்பதாயிரம் ரூபாய். ஆக மொத்தம் பதின்மூவாயிரம்! ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மற்றோர் இயந்திரம்; கழுவக்கூடிய வடிகட்டி; ஆண்டுக்கொருமுறை 400 ரூபாய்க்கு மாற்று வடிகட்டி. ஐந்தாண்டில் இரண்டாயிரம், ஆக மொத்தம் எண்ணாயிரத்து ஐந்நூறு. கடையிலே எது மலிவு? வீட்டிலே எது மலிவு? விலைச்சீட்டைப் பார்ப்பவர் முதலாவதைத் தூக்கிக் கொண்டு வருவார். கணக்குப் பார்ப்பவர் இரண்டாவதை. எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஆறாவது, பழுது. உழைக்கும் பொருள் பழுதாகும். மோட்டாரின் கரித்துண்டு தேயும், குழாய் வெடிக்கும், பொத்தான் உடையும். அந்த உறுப்பு கடலூரிலோ பண்ணுருட்டியிலோ விருத்தாசலத்திலோ கிடைக்குமா, அல்லது தொலைதூரப் பெருநகருக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமா? வாங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. பழுது பார்ப்பவர் முகவரி இல்லாத இயந்திரம், ஊர் தெரியாத உறவினர் போல, தேவைப்படும்போது வரமாட்டார்.

*

இத்தனையும் பார்த்தபின், எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று மீதமிருக்கிறது. கடைக்கு யார் போகிறார்கள்? பெரும்பாலும் வீட்டுத் தலைவர் போகிறார், எண்களைக் கேட்கிறார், பெருமையோடு தூக்கிக் கொண்டு வருகிறார். அதை நாளும் இழுக்கப்போகிற பெண், பெட்டி பிரிக்கப்படும்போதுதான் அதைப் பார்க்கிறாள். ஒன்பது கிலோப் பீப்பாய்! அலமாரியிலிருந்து எடுக்கவே இருவர் வேண்டும். குழாயோ குட்டை, குனியாமல் தரையைத் தொடாது. குனிவதைத் தவிர்க்க வாங்கிய இயந்திரத்துக்காகக் குனிகிற கொடுமை! பிறகு அது பரணிலே ஏறினால், "இவளுக்கு நாகரிகம் தெரியவில்லை" என்று பழி.

ஆகவே, யார் பிடிப்பாரோ அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பார்க்கட்டும். நான்கு, ஐந்து கிலோவுக்கு மேல் சிறு வீட்டுக்கு வேண்டாம். நிமிர்ந்து நின்றபடி குழாயைத் தரையிலே வைத்துப் பார்க்கட்டும். ஓடவிட்டு இரைச்சலைக் கேட்கட்டும். குழந்தை உறங்கும் வீட்டிலே ஓட வேண்டிய பொருள் அது. 1908-லேயே ஹூவர், பத்து நாள் வீட்டிலே ஓட்டிப் பாருங்கள் என்று விளம்பரம் செய்துதான் விற்றார். திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டா என்று நாமும் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். இயந்திரம் வந்துவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று எண்ணியவர்கள் அமெரிக்காவிலே ஏமாந்தார்கள். வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை பார்த்தனர். தூசுறிஞ்சியும் சலவை இயந்திரமும் வந்தபின், 1960களில் அது 55 மணி நேரம்! ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-ல் இதை எடுத்துக் காட்டினார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் காரணத்தை விளக்கினார். முன்பு ஆண்டுக்கொருமுறை கம்பளத்தை வெளியே தூக்கிப் போட்டு அடிப்பார்கள். அதிலே கணவனும் மகனும் கை கொடுப்பார்கள். இயந்திரம் வந்தவுடன், "எளிதாகிவிட்டதே, நீயே செய்" என்று அவர்கள் விலகிக் கொண்டனர்; வாரந்தோறும் செய் என்று எதிர்பார்ப்பும் ஏறிற்று. பளு குறைந்தது, பங்காளியும் குறைந்தார்!

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2019-ல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். ஆண்கள் நூற்றுக்கு இருபத்தாறு. மீதி எழுபத்து நான்கு பேர் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "தூசியாக இருக்கிறதே" என்று சொல்லிக் கொண்டிருந்தார்களோ!

தூசுறிஞ்சியின் கைப்பிடிக்கு ஆண், பெண் தெரியாது. சுரங்கத்திலே பேரியந்திரத்தை இயக்கிப் பழகிய கைக்கு, வீட்டிலே சிற்றியந்திரத்தை இயக்குவது பாரமா? துடைப்பத்தைத் தொடுவது இழிவென்று கற்பிக்கப்பட்ட கை, இந்தப் புதுக் கருவியைத் தொட்டுப் பழகட்டும். பழகினால், துடைப்பமும் இழிவன்று என்பது விளங்கும். பிறர் வீட்டிலே ஊதியத்துக்குப் பெருக்கும் பெண்ணுக்கும் அந்தக் கைப்பிடியைக் கொடுங்கள். "அவளுக்கு எதற்கு, கெடுத்துவிடுவாள்" என்று பூட்டி வைத்து, அவள் கையிலே மட்டும் குட்டைத் துடைப்பத்தைக் கொடுப்பது, பழைய கணக்கைப் புதிய ஏட்டிலே எழுதுவதாகும்.

இயந்திரம் வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நீண்ட கம்பு பொருத்திய துடைப்பம் ஒன்று வாங்குங்கள். ஈரத்துணியை நீண்ட கம்பிலே கட்டித் துடையுங்கள். முதுகு நிமிரும், தூசி எழும்பாது. இயந்திரம் வாங்கியவர்களும் தண்ணீரையும், ஊதுவத்தியின் கனலும் சாம்பலையும், சிந்திய கோலமாவையும் உலர்தூசிக்கென்று செய்த இயந்திரத்திலே இழுக்காதீர்கள். தண்ணீர் மோட்டாரைக் கெடுக்கும், கனல் பையை எரிக்கும், மாவு வடிகட்டியை அடைக்கும். அவற்றுக்கு ஈரத்துணி இன்றும் துணை நிற்கும்.

துடைப்பக் கட்டைக்குப் பட்டுக் குஞ்சம் வேண்டாம், சரி. ஆனால் துடைப்பக் கட்டையைப் பிடிக்கும் கைக்கு ஓய்வு வேண்டும். குனிந்த முதுகு நிமிர வேண்டும். அடைத்த மூச்சு திறக்க வேண்டும். அதற்காகச் செலவிடும் காசு ஆடம்பரமன்று. நெடுநாள் நிலுவைக் கடன். கடனைத் தீர்க்கப் போகும்போது, குஞ்சத்தைப் பார்த்து மயங்காமல், கட்டையின் உறுதியைப் பார்த்து வாங்குவோம். வாங்கி வந்ததும், முதல் நாள் பெருக்கும் முறை யாருடையது என்று வீட்டிலே கேட்பார்கள். கைப்பிடியை எடுத்துக்கொண்டு, "என்னுடையது" என்று சொல்லுங்கள், தோழரே!